பதில் வராவிடில் இன்மை

பணியில் இருந்த முப்பத்து நான்கு ஆண்டுகளில் பதினாறு ஆண்டுகள் நான் ஒரே ஓர் அறிக்கையைத்தான் கவனித்துக்கொண்டேன். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை அது சென்னைக்குப் போகும். ஆக மொத்தம் அறுபத்து நான்கு அறிக்கைகள். முதல் ஐந்து தாமதமாகப் போயின. மீதி ஐம்பத்தொன்பதும் கெடு தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்தன.

எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. பெரம்பலூரிலிருந்து அரியலூர் பிரிந்தது, பிறகு சேர்ந்தது, மறுபடியும் பிரிந்தது. மூன்று முறையும் பதிவேடுகளுக்குப் புதிதாகக் கோடு போட்டவர்களில் நானும் ஒருவன் என்பது மட்டும் போதும்.

அறிக்கையின் பெயர் பணியிழப்பு விவரம். இந்தப் பக்கத்துத் தொழிற்கூடங்கள் ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கடிதம் எழுதுவோம். கடந்த மூன்று மாதங்களில் உங்களிடம் வேலை இழந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் முப்பது வயது நிறையாதவர்கள் எத்தனை பேர் என்று கேட்போம். அவர்கள் பதில் எழுத மாட்டார்கள். நினைவூட்டு அனுப்புவோம். அதற்கும் எழுத மாட்டார்கள். நேரில் போய்ப் பார்த்து எண்ண வேண்டும், அதற்குள் சென்னையிலிருந்து எங்களுக்கு நினைவூட்டு வரும். அதற்கு நாங்கள் பதில் எழுதியாக வேண்டும்.

ஆறாவது அறிக்கையின்போது எனக்கு ஒரு வழி தோன்றியது. கடிதத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "ஐந்தாம் தேதிக்குள் பதில் வராவிடில் இன்மை எனக் கொள்ளப்படும்." இன்மை என்றால் அலுவலக மொழியில் எதுவும் இல்லை என்று பொருள். பேச்சில் ஆங்கிலத்தை ஒட்டி 'நில்' என்போம். அதிகாரி ஐம்பது தாள்களோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டார். அந்தக் காலாண்டு முதல் ஐந்தாம் தேதி மாலையே எல்லாக் கட்டங்களும் நிரம்பிவிட்டன. பெரும்பாலும் இன்மை. மாநிலத்திலேயே முதலில் வந்த அறிக்கை எங்களுடையது என்று ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. அதை இன்னும் வைத்திருக்கிறேன்.

பூட்டிக் கிடக்கும் ஆலை எப்படிப் பதில் போடும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. தோன்றியது. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

நான் ஓய்வு பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. பெரம்பலூரில் துறைமங்கலம் பக்கம் சொந்த வீட்டில் இருக்கிறோம். நான், மனைவி, கடைசி மகள். இது நடந்தபோது மகளுக்கு இருபத்தொன்பது வயது நடந்துகொண்டிருந்தது. பட்டப்படிப்பு முடித்து, அரியலூர் போகும் சாலையில் உள்ள ஒரு தையல் கூடத்தில் செக்கிங் பார்த்தாள். தைத்து வந்த துணியில் தையல் விட்டிருக்கிறதா, பொத்தான் நேராக இருக்கிறதா என்று பார்த்துத் தள்ளுகிற வேலை. ஒரு நாளைக்கு எத்தனை உருப்படி என்று நான் தினமும் கேட்பேன். அவள் தினமும் ஒரே எண்ணைச் சொல்வாள். பொய் என்று எனக்குத் தெரியும்.

காலை ஆறு ஐம்பதுக்கு எங்கள் தெருமுனையில் வேன் நிற்கும். உள்ளே பதினாறு பெண்கள், இவளோடு பதினேழு. ஒரு திங்கட்கிழமை வேன் வரவில்லை. ஏழு நாற்பது வரை நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள். கைப்பேசியில் ஒரு செய்தி வந்திருந்தது. ஆர்டர் இல்லை, மறு அறிவிப்பு வரும் வரை யாரும் வர வேண்டாம் என்று இருந்தது.

"வேலைய விட்டு நிறுத்திட்டாங்களா?" என்று கேட்டேன்.

"நிறுத்துறதா எங்க போட்டுருக்கு? வர வேணாம்னுதான் போட்டுருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"உங்களுக்குத்தான்பா தெரியும். ஆபீஸ்ல இருந்தது நீங்க."

ஒன்பது வாரங்கள் மறு அறிவிப்பு வரவில்லை. ஒவ்வொரு வார முடிவிலும் நான் நாட்காட்டியில் ஒரு கோடு போட்டேன். என் மனைவி அந்த நாட்காட்டியைச் சமையலறைக்கு மாற்றினாள்.

பத்தாவது வாரத்தில் ஒரு வழி திறந்தது. பெரம்பலூரில் ஒரு புதிய ஆலைக்காக ஆறு மாதப் பயிற்சி தொடங்குகிறார்கள், முடித்தவர்களுக்கு அங்கேயே தர மேற்பார்வை வேலை. மொத்தம் நாற்பது இடம். அதில் பத்து இடம், இந்த வட்டாரத்தில் சமீபத்தில் வேலை இழந்த இளைஞர்களுக்கு. இளைஞர் என்றால் விண்ணப்பிக்கும் நாளில் முப்பது வயது நிறையாதவர். வேலை இழந்தவர் என்றால், கூடம் இருக்கிற மாவட்டத்து அலுவலகத்தில் அப்படிச் சான்று வாங்கியவர். பொதுவான முப்பது இடங்களுக்கு இருபத்தைந்து வயதுதான் வரம்பு. மகளுக்கு முப்பது நிறைய இன்னும் நாற்பத்தொரு நாட்கள் இருந்தன.

"இது போச்சுன்னா திருப்பூருதான்," என்றாள். "ஹாஸ்டல்ல தங்கி, ஒரு பீஸுக்கு இவ்ளோன்னு பீஸ் ரேட்டுக்குப் பாக்கணும். இங்க வேற எவன் என்னைய எடுப்பான்? இதுக்கு மேல நான் யூத்தும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"நாற்பத்தோரு நாள் இருக்கு," என்றேன்.

"எண்ணாதீங்கப்பா. எண்ணுனா கொறையுது."

கூடம் அரியலூர் எல்லைக்குள் இருந்ததால் அரியலூர் போனோம். நான் ஓய்வு பெற்றதும் அதே அலுவலகத்தில்தான். பேருந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. வழியில் இருபத்தாறு வேகத்தடைகள். சிமெண்ட் லாரிகளை முப்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன், மகள் முறைத்தாள்.

என்னிடம் இளநிலை உதவியாளராகச் சேர்ந்த பெண்மணிதான் இப்போது அங்கே கண்காணிப்பாளர். எழுந்து நின்று வரவேற்றார். டீ வரவழைத்தார். பழைய அறையில் நான்கு மின்விசிறிகள் இருந்தன, இப்போது ஐந்து. விஷயத்தைச் சொன்னேன். கணினியைத் திறந்து அந்தத் தையல் கூடத்தின் வரிசையைத் தேடினார்.

"நில் சார்," என்றார்.

"எப்படிம்மா நில்? ஐம்பத்தெட்டு பொம்பளைங்க வேலை பார்த்தாங்க. பத்து வாரமா யாரும் போகல."

"அவங்க பதில் போடல சார். போடலன்னா நில்லுதான். நீங்க கொண்டு வந்த ரூல்தானே சார்? முன்னல்லாம் நாங்க கையால எழுதுவோம், இப்ப சிஸ்டமே போட்டுக்குது. அஞ்சாம் தேதி தாண்டுனா தானா நில் விழுந்துரும்." அவர் குரலில் பெருமை இருந்தது. "புதுசா வர்ற பசங்களுக்கு டிரெய்னிங் எடுக்கும்போதுகூட உங்களத்தான் சொல்வேன் சார்."

மகள் என் பக்கம் திரும்பினாள். நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், வாட்ஸ்அப்ல மெசேஜ் இருக்கு," என்று கைப்பேசியை நீட்டினாள். "குரூப்புல அம்பத்தெட்டு பேரு இருக்கோம். பாருங்க."

"நெசந்தாம்மா. ஆனா இதுல நிறுத்தினோம்னு இல்லயே, வர வேணாம்னுதானே இருக்கு. அதுக்கும் மேல வாட்ஸ்அப்பு ஆவணம் கெடையாது. கம்பெனி லெட்டர்பேட்ல எழுதிக் குடுத்தா நம்பர மாத்திருவேன். நம்பர் மாறுனா சான்று தர்றதுக்கு எனக்கு என்ன தடை?"

இரண்டு நாள் கழித்துத் தையல் கூடத்துக்குத் தனியாகப் போனேன். வெளிக்கதவு பூட்டியிருந்தது. பக்கவாட்டில் சிறிய கதவு திறந்திருந்தது. உள்ளே மேலாளர் ஓர் இயந்திரத்தின் மேல் கணக்கு நோட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கும். மரியாதையானவர். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"நாங்க யாரையும் நிறுத்தல ஐயா. ஆர்டர் இல்ல, அவ்ளோதான். ஆர்டர் வந்தா நாளைக்கே வேன் வரும்."

"எப்ப வரும்?"

"அது ஆர்டர் குடுக்குறவனக் கேக்கணும்."

"போன வாரம் எத்தனை பேர் வேலைக்கு வந்தாங்க?"

யோசித்தார். "ரெண்டு பேரு. நானும் வாட்ச்மேனும். வாட்ச்மேன் ஒரு நாள் வரல."

"அத எழுதிக் கொடுங்களேன்."

"எழுதிக் குடுத்தா ஏன் நிறுத்தினன்னு அடுத்த லெட்டர் வரும். ஒருத்தன் வந்து பாப்பான். அப்பறம் இன்னொருத்தன் வருவான். எழுதலன்னா ஒண்ணும் வராது ஐயா. உங்க லெட்டர்லயே போட்டுருக்கே, பதில் வரலன்னா ஒண்ணும் இல்லன்னு எடுத்துக்குறோம்னு. யாரோ நல்ல மனுஷன் போட்ட வரி."

அவருக்கு நான் யார் என்று தெரியாது. தண்ணீர் கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன். முப்பத்தாறு நாட்கள் மீதி இருந்தன.

வீட்டில் நடந்ததைச் சொன்னபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"பதினாறு வருஷம் ஊருல ஒருத்தனுக்கும் வேலை போகலன்னு எழுதுனீங்க. இப்ப நம்ம வூட்டுல ஒருத்திக்குப் போயிருக்கு. அதையும் இல்லன்னு எழுதிட்டாப் போச்சு. கஞ்சியக் குடிச்சிட்டுப் படுங்க."

"நான் இல்லன்னு எழுதல. பதில் வரலன்னா இல்லன்னு கொள்ளணும்னு எழுதினேன்."

"அடேங்கப்பா," என்றாள்.

நான்கு நாட்கள் நான் எதுவும் செய்யவில்லை. செய்யாமல் இருந்தேன் என்று சொல்ல முடியாது. பழைய விதிகளை நினைவில் தேடிக்கொண்டிருந்தேன். படிவக் கட்டத்தில் தானாக விழுந்த இன்மையை மாற்ற வேண்டுமானால், அது தவறாக விழுந்தது என்று யாராவது எழுத்தில் காட்ட வேண்டும். கடிதத்தில் நான் சேர்த்த வரிக்கு அரசாணை உண்டா? இல்லை. சுற்றறிக்கை உண்டா? இல்லை. மேலிடத்தில் கேட்டு அனுமதி வாங்கினேனா? இல்லை. நான் எழுதினேன், அதிகாரி கையெழுத்துப் போட்டார், எனக்குப் பின்னால் வந்தவர்கள் விதி என்று நினைத்துக்கொண்டார்கள். இது தெரிந்த ஒரே ஆள் நான். அந்த அதிகாரி இறந்துவிட்டார்.

ஐந்தாவது நாள் காலை உட்கார்ந்து எழுதினேன். முதல் பக்கத்தில், மேற்படி வரியைச் சேர்த்தது நானே, அதற்கு எந்த உத்தரவும் இல்லை, பதில் தராத கூடத்துக்கு இன்மை என்று எழுதுவது தவறு, நேரில் போய்ப் பார்ப்பதே பழைய நடைமுறை, ஆகவே இந்தத் தையல் கூடத்தை நேரில் பார்த்து எண்ணிக்கையைத் திருத்த வேண்டும் என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். எழுத ஆரம்பித்தால் எனக்கு ஒரு பக்கத்தில் நிறுத்த வராது.

இரண்டாம் பக்கத்தில் ஒரு பட்டியல் போட்டேன். என் காலத்தில் மூடியிருந்தும் நான் இன்மை என்று எழுதிய கூடங்கள். ஒன்பது நினைவுக்கு வந்தன. தினமும் பேருந்து ஜன்னல் வழியே அவற்றின் பூட்டைப் பார்த்துக்கொண்டுதான் அலுவலகம் போனேன். ஐந்தாவதாக எழுதியது ஓர் எண்ணெய் ஆலை. அங்கே மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், லப்பைக்குடிக்காட்டுக்காரர், ஒருமுறை என் மேசைக்கு வந்தார். ஆலை மூடி ஒரு மாதமாகிறது, எங்கள் பெயரை எங்காவது எழுதுவீர்களா என்று கேட்டார். அன்று தேதி ஆறு. "நேத்தோட முடிஞ்சிருச்சு தம்பி," என்றேன். "இன்ஷா அல்லாஹ், அடுத்த தடவை சீக்கிரம் வரேன் சார்," என்று சொல்லிவிட்டுப் போனார். வரவில்லை. வளைகுடாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. அவரோடு வேலை பார்த்தவர்கள் இருபத்திரண்டு பேர் என்று அவர் சொன்னது எனக்கு மறக்கவில்லை. அந்த எண்ணையும் எழுதினேன்.

இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு அரியலூர் போனேன். மகளும் கூட வந்தாள். முப்பத்தொரு நாட்கள் மீதி.

கண்காணிப்பாளர் முதல் பக்கத்தை மெதுவாகப் படித்தார். இரண்டாம் பக்கத்தைப் பாதி படித்துவிட்டு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"சார், என்ன சார் இது?"

"உண்மைதாம்மா."

"உண்மைன்னு எனக்குத் தெரியாதா சார்? நானும் அதே பஸ்லதானே வந்தேன்? இத தபால்ல ஏத்துனா ஒன்பது கோப்பு தொறக்கணும். தொறந்தா உங்களுக்குப் பின்னாடி எழுதுனவங்க அத்தன பேரும் வருவாங்க. நான் வருவேன். எனக்கு ரிடையர்மெண்ட்டுக்கு இன்னும் பதினாலு மாசம் இருக்கு சார்."

மகள் மேசை மேல் கிடந்த ஒரு குண்டூசியை எடுத்து ஓரத்தில் வைத்தாள்.

"மொதப் பக்கம் மட்டும் குடுங்க," என்றார் கண்காணிப்பாளர். "இன்னைக்கே நம்பர் போட்டு வாங்கிக்கறேன். இந்த வாரமே ஆள அனுப்பிப் பாக்கச் சொல்றேன். பாப்பாவுக்குச் சான்று வரும். அது என் பொறுப்பு. ரெண்டாவது பக்கத்த நீங்களே வச்சுக்கங்க சார். அவங்கள்லாம் இப்ப எங்க இருக்காங்களோ. யாரு வந்து சான்று கேக்கப்போறா?"

நான் மகளைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. அவள் எண்ணி நான் பார்த்ததில்லை.

இரண்டு தாள்களையும் குண்டூசியால் சேர்த்திருந்தேன். ஊசியைக் கழற்றினேன். முதல் பக்கத்தைக் கொடுத்தேன். வரவு எண் வாங்கினேன். இரண்டாம் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

திரும்பும் பேருந்தில் மகள் கேட்டாள்: "அதுல யாராருப்பா இருந்தாங்க?"

"பழைய ஆளுங்க."

"எத்தன பேரு?"

"தெரியாது. ஒரு இடத்துல மட்டும் இருபத்திரண்டு."

வீடு வந்து சேரும்வரை என் கைப்பையை அவள் தன் மடியில் வைத்திருந்தாள்.

வாக்குக் கொடுத்தபடி ஆள் போனார், ஒரு வாரம் தாமதமாக. தையல் கூடத்து மேலாளர் மறைக்கவில்லை. கேட்டதும் வருகைப் பதிவேட்டை எடுத்துக் கொடுத்தாராம். கடைசி வெள்ளிக்கிழமை வரை ஐம்பத்தெட்டு பேருக்கும் வருகை போட்டிருந்தது. அதற்கு மேல் வருகையும் இல்லை, விடுப்பும் இல்லை. வெறும் கட்டங்கள். எண்ண வேண்டியிருந்தது அவ்வளவுதான். இன்மை இருந்த இடத்தில் ஐம்பத்தெட்டு என்று மாறியது. முப்பது வயது நிறையாதவர்கள் நாற்பத்து மூன்று. அதில் ஒன்று என் மகள்.

நேரில் போக ஆரம்பித்த ஆளை நடுவில் நிறுத்த முடியாது. பதில் தராத மற்ற சில கூடங்களையும் பார்த்துவிட்டார். சில வாரங்கள் கழித்து ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், கடைசிப் பத்தியில் ஒரு செய்தி வந்தது. அரியலூர்ப் பகுதியில் பணியிழப்பு திடீர் உயர்வு, இளைஞர்கள் அதிகம் பாதிப்பு என்று போட்டிருந்தது. டீக்கடையில் பக்கத்தில் இருந்தவர் எனக்கு அதை வாசித்துக் காட்டினார்.

"பாத்தீங்களா சார்? நாடு கெட்டுப்போச்சு. மூணு மாசம் முன்னாடி வரைக்கும் ஒண்ணுமே இல்லயாம். திடுதிப்புனு இப்ப எப்புடி சார் இவ்ளோ?"

"அதானே," என்றேன்.

ஆனால் செய்தி வருவதற்கு முன்பே சான்று வந்துவிட்டது. ஆறு நாட்கள் மீதி இருக்கையில் வந்தது. ஐந்து நாட்கள் இருக்கையில் விண்ணப்பம் கொடுத்தோம். மகள் தன் வேன் தோழிகள் எல்லாரிடமும் சொல்லியிருந்தாள். அவர்களில் ஏழு பேர் அதே வாரம் அரியலூர் போய்ச் சான்று வாங்கி வந்தார்கள். பத்து இடங்களுக்குப் போட்டி கூடுகிறதே என்று நான் சொன்னேன். "சொல்லாம இருக்கணுமாப்பா?" என்று கேட்டாள்.

தேர்வுப் பட்டியல் ஒட்டினார்கள். வேன் பெண்களில் மூன்று பேருக்கு இடம் கிடைத்தது. என் மகள் காத்திருப்போர் வரிசையில் இரண்டாவது.

பிறந்த நாள் வந்தது. பாயசம் வைத்தார்கள். முப்பது நிறைந்தது. மூன்று நாட்கள் கழித்துப் பயிற்சி நிலையத்திலிருந்து அழைத்தார்கள். இரண்டு பேர் சேரவில்லை. ஒருத்திக்குக் கல்யாணம், இன்னொருத்தி திருப்பூர். புதன்கிழமை வந்து சேர்ந்துகொள்ளச் சொன்னார்கள்.

எனக்கு அன்று முழுவதும் ஒரே கவலை. சேரும் தேதிதான் கணக்கு என்று ஒருவன் சொல்லிவிட்டால்? புதன்கிழமை காலை அவளோடு நானும் போனேன். வாசல் மேசையில் இருந்தவரிடம், எந்தத் தேதி கணக்கு என்று கேட்டேன்.

"விண்ணப்பிச்ச தேதிதாங்க ஐயா."

"சேர்ற தேதி இல்லயே?"

"இல்லங்க."

"பின்னால யாராவது வந்து பார்த்தா?"

"பாத்தாலும் விண்ணப்பிச்ச தேதிதாங்க."

"அதை ஒரு தாளில் எழுதிக் கொடுக்க முடியுமா?"

அவர் மகளைப் பார்த்தார். மகள் என் முழங்கையைப் பிடித்து மரத்தடிக்கு நகர்த்திக்கொண்டு வந்தாள்.

"அப்பா, வூட்டுக்குப் போங்க. ஸ்கூல்ல சேக்குற மாதிரி வந்து நிக்கிறீங்க. எல்லாரும் பாக்குறாங்க. நான் என்ன சின்னப் புள்ளயா? முப்பது வயசு ஆவுது எனக்கு!"

நான் சுற்றும் பார்த்தேன். வரிசையில் பதினொரு பேர் நின்றார்கள். மேசைக்காரர் தலையைத் தூக்கினார்.

"அந்த நம்பர இங்க சத்தமா சொல்லாத," என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு போய் வரிசையில் பன்னிரண்டாவதாக நின்றாள். வரிசை உள்ளே போக ஒன்பது நிமிடம் ஆனது.